பட்டி என்றால் ஊர்!

(பாறசாலையில் நடந்த தொழிலாளர் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



களியக்காவிளையில் பஸ் ஏறி இஞ்சிவிளை தாண்டினால் பாறசாலை. இடையில் கடல் இல்லை, கப்பல் இல்லை. ஆனாலும் 1956 நவம்பர் முதல் தேதி அங்கே ஒரு கோடு விழுந்தது. தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. இங்கே தலைமுறை தலைமுறையாக வாழும் தமிழரும் உண்டு. சூளைக்கும் குவாரிக்கும் கட்டட வேலைக்கும் வந்த நம்மைப் போன்றோரும் உண்டு. பிழைக்க வந்த இடம் எவ்வளவு அயலானது என்பது, இங்குள்ள பிள்ளைகள் இல்லம் ஒன்றுக்குத் தொண்டு செய்யப் போனபோதுதான் எங்களுக்கு உறைத்தது.

ஞாயிறுதோறும் போனோம். முதல் நாளே தோற்றோம்! ஒரு குழந்தை "வெள்ளம்" என்றது. விளவங்கோட்டுக்காரருக்கு அது புரியும். நெல்லைக்கு வடக்கேயிருந்து வந்த நாங்கள் வெளியே மழையா என்று பார்த்தோம். அது கேட்டது குடிக்கத் தண்ணீர். அழுத பிள்ளையிடம் ஆயா "கரயண்டா" என்றார். அழாதே என்று பொருளாம். காலையில் கஞ்சியும் பயறும், மதியம் சிவந்த மட்டை அரிசிச் சோறு. எங்கள் நாக்குக்கு அது பழகவே சில வாரம் ஆயிற்று. சொல்லிக்கொடுக்கப் போனவர்கள் கற்றுக்கொள்ள உட்கார்ந்தோம்.

அங்கே ஒரு சிறுவன். ரயில் நிலையத்தில் தனியே நின்றவனைக் கொண்டுவந்து சேர்த்திருந்தார்கள். அவன் பேசுவதே இல்லை. பதிவேட்டில் ஊர் என்ற இடம் காலியாக இருந்தது. பல வாரம் அவன் பக்கத்தில் உட்கார்ந்து மரச்சீனி தோலுரித்தோம். கேள்வி கேட்கவில்லை, தமிழில் எங்களுக்குள் பேசிக்கொண்டிருந்தோம். ஒருநாள் மெல்லச் சொன்னான்: "எங்க ஊருப் பேரச் சொன்னா சிரிக்காங்க." அவன் ஊர்ப் பெயர் 'பட்டி' என்று முடிகிறது. மலையாளத்தில் பட்டி என்றால் நாய்! மற்றப் பிள்ளைகள் சிரித்தார்கள். இவன் வாயை மூடிக்கொண்டான். ஊர்ப் பெயரோடு தாயின் பெயரும் உள்ளேயே போய்விட்டது.

உடனே பொறுப்பாளரிடம் சொன்னோம். அவர் குழந்தைகள் நலக் குழுவுக்கு எழுதினார். மூன்றாம் மாதம் தாய் வந்தாள். அவளும் சூளைத் தொழிலாளிதான், தோழர்களே!

அவன் அனாதையா? இல்லை. 2014 மே மாதம் வடமாநிலங்களிலிருந்து கேரள இல்லங்களுக்கு ரயிலில் கொண்டுவரப்பட்ட நூற்றுக்கணக்கான பிள்ளைகளைப் பாலக்காட்டில் தடுத்து நிறுத்தினார்கள். அவர்களில் பலருக்குப் பெற்றோர் இருந்தார்கள். வறுமையும் இடப்பெயர்வும் பெற்றோர் உள்ள பிள்ளையையும் அனாதையாக்கும். 2015-ஆம் ஆண்டின் சிறார் நீதிச் சட்டம், பிள்ளையைக் குடும்பத்தோடு சேர்ப்பதே இல்லத்தின் முதல் நோக்கம் என்கிறது; இல்லத்தில் வைப்பது கடைசி வழி என்கிறது. ஆனால் பிள்ளையின் மொழி அறிந்த ஒருவர் அருகில் இல்லாவிட்டால் சட்டம் என்ன செய்யும்?

நம் பிள்ளைகளுக்காக அயலிலிருந்து வந்தவர்களும் மொழியில்தான் தொடங்கினார்கள். அயர்லாந்தில் பிறந்த ஏமி கார்மைக்கேல் 1895-இல் இந்தியா வந்தார். தமிழ் படித்தார், சேலை கட்டினார். 1901 முதல் நெல்லைச் சீமையின் டோனாவூரில், கோயிலுக்குப் பொட்டுக்கட்ட இருந்த சிறுமிகளுக்குப் புகலிடம் தந்தார். கைக்குழந்தைகளுக்காக நம் பக்கத்து நெய்யூரிலும் சில காலம் காப்பகம் நடந்தது. 1951-இல் இறக்கும்வரை சொந்த நாட்டுக்கு ஒருமுறைகூடத் திரும்பவில்லை. பிள்ளைகள் அவரை 'அம்மா' என்றே அழைத்தார்கள். அவர் மதம் அவருக்கு. மொழி கற்று நிலைத்து நின்ற பொறுமை நமக்குப் பாடம்.

ஆகவே, ஒருநாள் பிரியாணிப் பொட்டலத்தோடும் போட்டோவோடும் முடிவது தொண்டல்ல. பிள்ளையின் அடையாளம் வெளியே தெரியும்படி படம் போடச் சட்டமும் தடை விதிக்கிறது. வாரம் ஒரு மணி நேரமானாலும் தவறாமல் வாருங்கள். இல்லத்தின் அனுமதியோடு வாருங்கள். நாலு வார்த்தை மலையாளம் படித்துக்கொண்டு வாருங்கள்.

நம் வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. உங்கள் பிள்ளைக்கு ஊர்ப் பெயரையும் தாய் தந்தை பெயரையும் மனப்பாடமாக்குங்கள். பிள்ளை காணாமற்போனால் 1098-க்குப் போன் செய்யச் சொல்லிக்கொடுங்கள். யார் சிரித்தாலும் ஊர்ப் பெயரை உரக்கச் சொல்லப் பழக்குங்கள்.

பட்டி என்றால் ஊர்! அதைச் சொல்ல நம் பிள்ளை எங்கேயும் வெட்கப்பட வேண்டாம்.