யாரிடம் கேட்கும் ஒப்புதல்?



கொலை செய்தவர் கூண்டில் நின்று ‘நான்தான் செய்தேன்’ என்றால் தண்டனையைக் குறைக்க வேண்டுமா? இந்த நினைவுப் பேருரைக்கு நாம் எடுத்துக்கொண்ட கேள்வி இது.

இங்கிலாந்தில் இதற்குக் கணக்கே வைத்திருக்கிறார்கள். தொடக்கத்திலேயே ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்குவரை குறையும். கொலை என்றால், கட்டாயம் சிறையில் கழிக்கவேண்டிய காலத்தில் ஆறில் ஒரு பங்குவரை. அதுவும் 5 ஆண்டைத் தாண்டாது. சாட்சிகளும் இறந்தவரின் குடும்பமும் நீதிமன்றத்துக்கு அலைவது மிச்சம் என்பது அங்கே சொல்லும் நியாயம்.

இங்கே கொலைக்குத் தூக்கு அல்லது ஆயுள், இரண்டே தண்டனை. 2006இல் நடைமுறைக்கு வந்த வழக்குப் பேரம் 7 ஆண்டுக்கு மேல் தண்டனை உள்ள குற்றங்களுக்குப் பொருந்தாது. ஒருவர் தானே ஒப்புக்கொண்டாலும், அதை ஏற்பதா சாட்சிகளை விசாரிப்பதா என்பது நீதிபதியின் முடிவு. இந்தத் தயக்கம் நல்லது என்றே நாம் நினைக்கிறோம்.

2003 ஜூலை 8. விருத்தாசலம் அருகே முருகேசனையும் கண்ணகியையும் நஞ்சு புகட்டிக் கொன்று எரித்தார்கள். உள்ளூர்க் காவல்துறை அதை இரு தரப்பும் சேர்ந்து செய்த கொலையாக எழுதியது. கண்ணகியின் ஆட்களோடு முருகேசனின் உறவினர்களும் கைதானார்கள். பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டின் மேலேயே கொலைப் பழி! ‘ஒப்புக்கொண்டால் சலுகை’ என்று அன்று ஒரு சட்டம் இருந்திருந்தால், அந்தக் காவல் நிலையத்தில் யாரிடம் முதலில் ஒப்புதல் எழுதி வாங்கியிருப்பார்கள்?

பிறகு வழக்கு சி.பி.ஐ.க்குப் போனது. 2021 செப்டம்பரில் கடலூர் நீதிமன்றம் கண்ணகியின் அண்ணனுக்குத் தூக்கும், காவல் அதிகாரிகள் இருவர் உட்பட 12 பேருக்கு ஆயுளும் விதித்தது. 2022இல் உயர் நீதிமன்றம் தூக்கை ஆயுளாக்கியது. 2025 ஏப்ரல் 28 அன்று உச்ச நீதிமன்றம் மேல்முறையீடுகளைத் தள்ளியது. ஏறக்குறைய 22 ஆண்டுகள். அதுவரை மறுப்பே. ஊருக்குள் மீசை முறுக்கிச் சொல்வதைச் சாதிவெறி கூண்டில் நின்று சொல்வதில்லை.

திருக்கோகர்ணத்தில் உட்கார்ந்துகொண்டு விருத்தாசலம் வரை போவானேன்? நம் மாவட்டத்து வேங்கைவயலைப் பாருங்கள். 2022 டிசம்பரில் குடிநீர்த் தொட்டியில் மலம் கலந்திருந்ததைக் கண்டு புகார் சொன்னது அந்தத் தெரு. விசாரணையில் தங்களையே ஒப்புக்கொள்ளச் சொல்லி வற்புறுத்தினார்கள் என்றதும் அந்தத் தெருதான். 2025 ஜனவரியில் குற்றப்பத்திரிகை வந்தது அதே தெருவைச் சேர்ந்த மூவர்மீது. அவர்கள் மறுக்கிறார்கள்.

மனம் திருந்துகிறவரே கிடையாது என்று நாம் சொல்லவில்லை. ஒப்புதலை எடைபோடும் நீதிமன்றம் இரண்டைக் கேட்கட்டும். தூண்டிவிட்டவர்களின் பெயரையும் அது சொல்கிறதா? சாட்சி சொல்லிவிட்டு அதே ஊரில் கூலி வேலைக்குப் போகவேண்டிய நம் பெண்களுக்கு அந்தச் சுமையைக் குறைக்கிறதா? எல்லாச் சாட்சியும் முடிந்து, தீர்ப்பு நெருங்கும்போது வரும் கண்ணீருக்கு எடை குறைவுதான்.

வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 15ஏ பிரிவு 2016 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஜாமீனிலும் தண்டனையிலும் பாதிக்கப்பட்டவர் தரப்பைக் கேட்க வேண்டும் என்கிறது அது. வழக்கறிஞர் தோழர்களே, தண்டனை பற்றிய வாதம் தொடங்கும் நாளில் அந்தக் குடும்பத்தை நீதிமன்றத்துக்கு அழைத்து வாருங்கள். அவர்கள் பேச அனுமதி கேட்டு முன்கூட்டியே மனுப் போட்டுவிடுங்கள்.