பர்சிலாய் வீட்டுப் பிள்ளைகள்

பைபிளை முதலிலிருந்து வரிசையாகப் படிக்க உட்காருகிறவர்கள் பலரும் முதலாம் நாளாகமம் வந்ததும் திணறிவிடுவார்கள். ஒன்பது அதிகாரத்துக்குப் பெரும்பாலும் பெயர்கள்தான். இன்னார் இன்னாரைப் பெற்றான் என்று போய்க்கொண்டே இருக்கும். கை தானாகப் பக்கத்தைத் தள்ளும்.

அந்தப் பெயர்களை நம்பிப் பிழைப்பு நடந்த காலம் ஒன்று உண்டு. எஸ்றா இரண்டாம் அதிகாரத்தைப் பாருங்கள். கோரேசு ராஜா அனுமதி கொடுத்து, யூதர்கள் பாபிலோனிலிருந்து எருசலேமுக்குத் திரும்புகிறார்கள். குடும்பம் குடும்பமாகக் கணக்கெடுப்பு நடக்கிறது. நாங்கள் ஆசாரியர் வம்சம் என்று வந்த மூன்று குடும்பங்கள் அட்டவணையில் தங்கள் பெயரைத் தேடுகின்றன. அகப்படவில்லை. ஆசாரிய ஊழியம் போயிற்று, அதோடு வந்த சாப்பாட்டு உரிமையும் போயிற்று.

அதில் ஒன்று பர்சிலாய் குடும்பம். இவர்களுடைய முன்னோர் ஒருவர், கிலேயாத்து ஊர்க்காரரான பர்சிலாயின் மகளைக் கட்டி, பெண்வீட்டுப் பெயரையே தன் பெயராக வைத்துக்கொண்டவர். பெயர் மாறியதால்தான் பதிவு தொலைந்தது என்று எஸ்றா சொல்லவில்லை. எனக்கென்னவோ அப்படித்தான் தோன்றுகிறது.

அமெரிக்காவுக்கு வந்த தமிழர்களுக்கு இது புதுக் கதையல்ல. பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் காலியாக இருந்தால், விசாவில் நம் பெயர் அந்தக் கட்டத்துக்கு ஏறிவிடும். சொந்தப் பெயர் இருக்கவேண்டிய இடத்தில் எஃப்.என்.யூ என்று விழும். முதற்பெயர் தெரியாது என்று அர்த்தம்! அடுத்து பிள்ளை பிறக்கும். அருளப்பன் என்ற ஒருவரின் மூத்த மகன் சாமுவேல் எடிசனில் தன் பெயரையே பிள்ளைக்குக் குடும்பப் பெயராக எழுதுவார். இளையவர் டேனியல் ஃப்ரீமாண்டில் அப்பா பெயரை எழுதுவார். ஒரே தாத்தாவின் பேரப்பிள்ளைகள், ஒருவன் சாமுவேல், ஒருத்தி அருளப்பன். இன்னும் இரண்டு தலைமுறை போனால் இவர்கள் ஒரே குடும்பம் என்று எந்தக் காகிதமும் சொல்லாது.

இந்த நாட்டிலேயே பைபிளைக் காகிதமாக நீட்டியவர்கள் உண்டு. பிரின்ஸ்டன், மான்மத் என்று நியூ ஜெர்சி மண்ணிலும் நடந்த சுதந்திரப் போரின் வீரர்கள் இறந்தபின், அவர்களின் விதவைகளுக்கு 1836-ல் ஒரு பென்ஷன் சட்டம் வந்தது. திருமணத்துக்கு அத்தாட்சி கேட்டார்கள். அந்நாளில் பல குடும்பங்களில் கல்யாணமும் பிறப்பும் எழுதிவைத்த இடம் வீட்டுப் பைபிள்தான். அந்தப் பக்கத்தைக் கிழித்து வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள். அப்படி வந்த பக்கங்கள் தேசிய ஆவணக் காப்பகத்தில் இன்றும் இருக்கின்றன.

நாமும் எழுதிவைக்கலாம். ஆனால் எங்கிருந்து தொடங்குவது? தமிழ்நாட்டு நாசரேத்து, மெய்ஞ்ஞானபுரம் பக்கத்துக் குடும்பங்கள் பலவும், முதன்முதலில் ஞானஸ்நானம் பெற்ற தாத்தாவிலிருந்து தொடங்கும். அவருடைய அப்பா சுடலைமுத்துவாக இருந்தால் விட்டுவிடுவார்கள். மத்தேயு அப்படி விடவில்லை. இயேசுவின் வம்ச வரலாற்றில் எரிகோவின் ராகாப் இருக்கிறாள், மோவாபியப் பெண் ரூத் இருக்கிறாள், பேச்சுக்கு இடமான தாமாரும் இருக்கிறாள். உரியாவின் மனைவி என்று எழுதியபோது தாவீதின் பழியும் சேர்ந்தே வந்துவிட்டது. அரசர்கள் மூன்று பேரைத் தாண்டிப் போனவர், இந்தப் பெண்களைத் தாண்டவில்லை.

சுடலைமுத்துவை எழுதுங்கள். அவர் மனைவி பெயரையும் கேட்டு எழுதுங்கள். பேரப்பிள்ளையைப் பார்க்க ஊரிலிருந்து வந்திருக்கும் ஆச்சிக்கு இதெல்லாம் தெரியும். ஜனவரிக் குளிரில் அவர்கள் வெளியே எங்கும் போகப்போவதில்லை. ஒரு காபியைக் கொடுத்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தால், யார் யாரை எந்த ஊரில் கட்டினார்கள் என்பதுவரை சொல்வார்கள்.