எஞ்சின் ஏன் போச்சு?

(முன்னாள் மாணவர் சந்திப்பில் பேசியதன் எழுத்து வடிவம்)



மேடையேறிப் பேசுகிற அளவுக்கு நான் பெரிய எக்ஸ்போர்ட்டர் இல்லீங்க. ராயபுரத்தில் வாடகை வண்டி ஓட்டுகிறவன். பி.காம். முடித்துவிட்டு ஸ்டியரிங் பிடித்தவன். ஆனாலும் வண்டி நின்றால் நம்ம ஊரில் பனியன் நகராது. நூல் நிட்டிங்குக்குப் போகணும், துணி சாயப்பட்டறைக்குப் போகணும், அப்புறம் காம்பாக்டிங், கட்டிங், தையல். ஒவ்வொன்றும் ஒவ்வொரு இடம்.

டாடா 407 சந்தைக்கு வந்தது 1986-இல். எங்களுடையது 1996 மாடல், அப்பா வாங்கியது. 2010-இல் அது படுத்துவிட்டது. திடீரென்று ஒன்றும் இல்லை. காலையில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும், மேட்டில் இழுக்காது, ஆயில் மூடியைத் திறந்தால் குபுகுபுவென்று புகை வரும். நான் ஆயிலை ஊற்றி ஊற்றி ஓட்டினேன். ஒரு நாள் பல்லடம் ரோட்டில் லோடோடு நின்றுவிட்டது. பிரித்தால் லைனர் எல்லாம் கீறல், பிளாக்கிலேயே வெடிப்பு. இனி வேறு எஞ்சின்தான்.

கடன் வாங்கிப் புது வண்டி எடு என்றார்கள் நண்பர்கள். கோவையில் ஒரு கடையில் பழைய எஞ்சின் மலிவாகக் கிடைத்தது, ஆனால் பில் கிடையாது. எனக்கு ஆசை. எங்கள் மெக்கானிக் அண்ணன் கையே வைக்க மாட்டேன் என்றுவிட்டார். "பில் இல்லாத எஞ்சின் யாரு வூட்டுதோ? நாளைக்கு ஆக்ஸிடென்ட்டுன்னா இன்சூரன்ஸ்காரன் நம்பரைப் பாப்பான் தம்பி" என்றார்.

அவர் சொன்னது சட்டமும்கூட. 1988 மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவுப்படி, எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ. அனுமதி வேண்டும், மாற்றிய 14 நாளுக்குள் தெரிவித்து ஆர்.சி.யில் பதிய வேண்டும். படித்த எனக்கு இது தெரியாது!

அலைந்து, பில்லோடு அதே மாடல் எஞ்சின் ஒன்று வாங்கினேன். மாட்டச் சொன்னால் அண்ணன் கேட்டார்: "மாத்தறது இருக்கட்டும். பழசு ஏன் போச்சுன்னு கேட்டயா?"

ரேடியேட்டரைக் கழற்றி வெயிலில் தூக்கிக் காட்டினார். வெளிச்சமே தெரியவில்லை. பஞ்சும் புழுதியும் சேர்ந்து மெத்தை மாதிரி அடைத்திருந்தது. நிட்டிங் கம்பெனி வாசலில் வண்டியை ஆஃப் செய்யாமல் நிறுத்துவேன். பறக்கிற பஞ்சை ஃபேன் உள்ளே இழுத்திருக்கிறது. காற்று போகாமல் சூடு ஏறி, லைனர் தேய்ந்து எஞ்சின் செத்தது. ஹீட் மீட்டர் இரண்டு வருடமாக வேலை செய்யவில்லை. அதையும் நான் சரி பார்க்கவில்லை. புது எஞ்சினை அப்படியே மாட்டியிருந்தால் அதுவும் அதே வழியில் போயிருக்கும்.

ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, ஹோஸ், வாட்டர் பம்ப், தெர்மோஸ்டாட், ஹீட் மீட்டர் எல்லாம் மாற்றினோம். எஞ்சின் இறங்கியிருக்கும்போதே கிளட்ச் பிளேட்டும் மாற்றினோம். அப்புறம் மாற்றினால் இரட்டைக் கூலி.

அடுத்த வருடம் 2011 ஜனவரியில், கழிவுநீர்ப் பிரச்சினையில் சாயப்பட்டறைகளை மூடச் சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டது. மாதக்கணக்கில் லோடு இல்லை. கடனில் புது வண்டி எடுத்த நண்பர்கள் தவணை கட்ட முடியாமல் தவித்தார்கள். எனக்கும் வருமானம் இல்லை. ஆனால் வாசலில் நின்ற வண்டிக்குத் தவணை இல்லை. மெதுவாக மீண்டோம்.

தம்பிகளே, ஒன்று கெட்டால் மாற்றுவது பெரிசில்லை. ஏன் கெட்டது என்று முதலில் கேளுங்கள். பதில் சில சமயம் நம்மையே காட்டும், பரவாயில்லை. இப்போதும் ஞாயிற்றுக்கிழமை காலையில் ரேடியேட்டரை ஊதிவிட்டுத்தான் எனக்கு டீ.