தலைவரின் துணைவியார்



நாட்டின் தலைவருக்கு உரிய கடமைகளை அரசியற் சட்டம் வகுத்துக் கூறுகிறது. அவருடைய துணைவியாரைப் பற்றி அது ஒரு சொல்லும் சொல்வதில்லை. விருந்தினரை வரவேற்று உபசரிப்பதே அவர் பணி என்று உலகம் நெடுங்காலம் எண்ணியிருந்தது.

அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ரூஸ்வெல்ட்டின் மனைவி எலினார் அம்மையார் அந்த எல்லையைக் கடந்தார். 1933 முதல் 12 ஆண்டுகள் அவர் ஊர் ஊராகச் சென்றார், பத்திரிகைகளில் எழுதினார். கணவர் மறைந்தபின், ஐக்கிய நாடுகள் சபையின் மனித உரிமைக் குழுவுக்குத் தலைமை ஏற்றார். 1948ஆம் ஆண்டின் மனித உரிமைப் பிரகடனம் அக்குழு வரைந்ததே. நம் நாட்டிலும், குடியரசுத் தலைவர் பக்ருதீன் அலி அகமதின் மனைவி ஆபிதா அம்மையார், கணவர் மறைந்தபின் 1981இல் பரேலித் தொகுதியிலிருந்து மக்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டார்.

இனி நம் ஊர்ப்பக்கம் வருவோம். வைகை அணைக்கு அருகே, கம்பம் பள்ளத்தாக்குக்குச் செல்லும் வழியில் இருக்கிறது ஆண்டிப்பட்டி. 1984ஆம் ஆண்டுத் தேர்தலில், முதலமைச்சர் எம்.ஜி.ஆர். அமெரிக்க மருத்துவமனையில் படுத்திருந்தார். பிரசாரத்துக்கு ஒரு நாளும் வர இயலாத அவரை இம்மக்கள் வெற்றிபெறச் செய்தனர். 1987 டிசம்பரில் அவர் மறைந்தார். அவர் மனைவி வி. என். ஜானகி அம்மையார் 1988 ஜனவரி 7இல் முதலமைச்சரானார். தமிழகத்தின் முதல் பெண் முதலமைச்சர் அவரே. அவ்வாட்சி 24 நாட்களே நீடித்தது.

1989இல், கட்சி இரண்டாகப் பிளவுபட்டிருந்த வேளையில், அவர் ஆண்டிப்பட்டியில் போட்டியிட்டார். கணவரைக் காணாமலே தேர்ந்தெடுத்த தொகுதி, மனைவியைத் தேர்ந்தெடுக்கவில்லை. பெண் என்பதாலா? அவ்வாறு சொல்வதற்கில்லை. பின்னாளில், 2002லும் 2006லும், ஜெயலலிதா அம்மையாரை வெற்றிபெறச் செய்ததும் அதே தொகுதிதான்.

ஜானகி அம்மையாரை நாம் குறைத்து மதிப்பிடலாகாது. சென்னையில் தமக்குரிய கட்டடத்தைக் கட்சிக்கு வழங்கியவர் அவர். தோல்விக்குப்பின் அரசியலிலிருந்து விலகி, பிரிந்த கட்சி ஒன்றுசேர வழிவிட்டவரும் அவரே. பதவியைப் பிடித்துக்கொள்வதைக் காட்டிலும் விட்டுக்கொடுப்பது அரிது அன்றோ?

மாணவர்களே, தாலி உறவால் ஒருவருக்குப் புகழ் வரலாம். மக்களின் அன்பும் வரலாம். வாக்கு மட்டும் சீதனமும் அன்று, பிதிரார்ஜிதமும் அன்று. எலினார் அம்மையார் உழைத்துப் பெற்ற மதிப்பும், ஆண்டிப்பட்டி வாக்காளர் அளித்த தீர்ப்பும் நமக்கு உணர்த்துவது இந்த ஓர் உண்மையையே. நாளை வாக்குரிமை உங்கள் கைக்கு வரும். அப்போது, எதிரே நிற்பவர் யாருடைய மனைவி, யாருடைய மகன் என்று கேளாதீர்கள். அவர் என்ன செய்தார், என்ன செய்வார் என்று கேளுங்கள்.