மாலை நான்கு மணிக்குப் பிறகு
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரை)



மெட்ரிகுலேஷன் வரையில் படித்து, ரயில்வேயில் கோப்புகளோடு காலம் கழிக்கும் நம்மைப் பேசப் பணித்திருக்கிறார்கள். இலக்கியம் பேசும் புலமை நமக்கில்லை. ஆகவே, காலனியில் நாள்தோறும் கண்ணிற்படும் விஷயம் ஒன்றையே எடுத்துக்கொள்கிறோம்.

ஒன்பது முதல் பன்னிரண்டு வயது வரையுள்ள நம் பெண் குழந்தைகள் பள்ளி விட்டு வந்தபின் என்ன செய்கிறார்கள்? நான்கு மணிக்குப் பையன் புத்தகப் பையை எறிந்துவிட்டு மைதானத்துக்கு ஓடுகிறான். தடுப்பார் இல்லை. அதே வீட்டுப் பெண் டியூஷனுக்குப் போகிறாள். திரும்பியதும் தம்பியைப் பார்த்துக்கொள்கிறாள். மிஞ்சிய நேரத்தில் கைபேசியோடு மூலையில் உட்காருகிறாள். எட்டு வயது வரை பாண்டி ஆடிய பெண்தான் அவள். பத்தாம் வயதில், "ஓடாதே, உரக்கச் சிரிக்காதே, வெயிலில் நின்றால் கறுத்துப் போவாய்" என்று மூன்று கட்டளைகள் வந்து சேருகின்றன. கட்டளையிடுவோர் பகைவர் அல்லர், பாட்டியும் அத்தையுந்தாம். ஆனால் தன் உடம்பே தனக்கொரு குறை என்ற எண்ணம் அன்றுதான் அவள் மனத்தில் விதையாக விழுகிறது.

நாம் குடியேறிய இம்மாநகரில் இதைச் சிந்தித்துச் செயல் புரிந்தவர்கள் உண்டு. 1898-ஆம் ஆண்டு நவம்பரில் பாக்பஜாரின் போஸ்பாடா சந்தில், சகோதரி நிவேதிதை பெண் குழந்தைகளுக்காகச் சிறிய பள்ளி ஒன்றைத் தொடங்கினார். வீட்டு வாயிலைத் தாண்டிப் பெண்ணை அனுப்பவே தயங்கிய காலம் அது. எழுத்தோடு சித்திரம், தையல், களிமண்ணில் உருவம் செய்தல் ஆகியவற்றையும் அங்கே கற்பித்தார்கள். ஒரு பொருளைத் தன் கையாலேயே செய்து முடித்த குழந்தையின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு அதன் பயன் விளங்கும். அந்த நிவேதிதையைத்தான் நம் பாரதியார் குருவாகக் கொண்டார். 1908-இல் வெளியிட்ட 'ஸ்வதேச கீதங்க'ளை அவருக்கே காணிக்கையாக்கினார். இன்று இங்கே பாரதியாரின் பாடல்களை நம் பெண்கள் இனிமையாகப் பாடினார்கள். பாடிய அப்பெண்கள் நாளை மாலை எங்கே விளையாடுவார்கள்?

பின்னர் 1932-இல் குருசதய் தத்தர் 'விரதசாரி' இயக்கத்தைத் தோற்றுவித்தார். அவர் ஐ.சி.எஸ். அதிகாரி, எனினும் கிராமத்து ஆடல்களைத் தேடித் திரட்டி, அவற்றையே தேகப்பயிற்சியாக்கினார். அறிவு, உழைப்பு, உண்மை, ஒற்றுமை, ஆனந்தம் என்பன அவர் வகுத்த ஐந்து விரதங்கள். விரதம் என்றதும் நமக்குப் பட்டினிதான் நினைவுக்கு வரும். அவரோ ஆனந்தத்தையும் அந்த வரிசையில் வைத்தார்! ஜோகாவில் அவர் பெயரால் ஒரு காட்சிசாலையும் அமைந்தது.

இனி உடல்நலம். 2019–21 ஆண்டுகளில் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வின்படி, இந்நாட்டில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் நூற்றுக்கு 59 பேருக்கு இரத்தசோகை. அதைத் தடுக்கும் வேலையைப் பத்து வயதிலேயே தொடங்கவேண்டும். பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கும் நீல நிற இரும்புச்சத்து மாத்திரையை "சூடு" என்று சொல்லித் தூக்கியெறியும் வீடுகள் உண்டு. அப்படிச் செய்யலாகாது. லேக் மார்க்கெட்டில் முருங்கைக்கீரை கிடைக்கிறது. வங்காளிகளும் அதை 'சஜ்னே சாக்' என்று சமைக்கிறார்கள். கீரையும் பருப்பும் உண்ணும்போது எலுமிச்சையோ கொய்யாவோ சேர்ந்தால் இரும்புச்சத்து உடம்பில் நன்கு ஒட்டும். சாப்பிட்டவுடன் தேநீரோ காப்பியோ குடித்தால் அது குறைந்துபோகும். மாலையில் புச்கா தின்பதை அடியோடு நிறுத்தச் சொல்லவில்லை. அதுவே நாள்தோறும் சிற்றுண்டியாக வேண்டாம் என்கிறோம். ஐந்து முதல் பதினேழு வயது வரை நாளொன்றுக்குச் சராசரி 60 நிமிடமேனும் உடல் அசைந்து ஆடவேண்டுமென்று உலக சுகாதார நிறுவனம் கூறுகிறது. பெண்ணுக்கு வேறு கணக்கு அதில் இல்லை.

இன்னொன்று. பூப்பைப் பற்றித் தாய் முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். பள்ளியில் திடீரென இரத்தத்தைக் கண்டு, நோய் வந்ததென்று நடுங்கும் நிலை ஒரு குழந்தைக்கும் வரலாகாது. சடங்குக்குப் பத்திரிகை அச்சடித்துக் காலனி முழுதும் வழங்குகிறார்களே, அந்தப் பெண்ணை ஒரு வார்த்தை கேட்டா வழங்குகிறார்கள்?

நமது சங்கக் கூடத்தில் செவ்வாயும் வெள்ளியும் மாலையில் சீட்டாட்டம் நடைபெறுகிறது. ஆடும் அன்பர்கள் கோபிக்கலாகாது. அவ்விரு நாட்களில் ஐந்து மணி முதல் ஆறரை வரை கூடத்தையும் மைதானத்தில் பாதியையும் பெண் குழந்தைகளுக்கு ஒதுக்கித் தருமாறு நிர்வாகக் குழுவைக் கேட்கிறோம். கபடி, கயிறு தாண்டல், சித்திரம் என எதை ஆடுவது என்பதை அவர்களே முடிவு செய்யட்டும். மழைக்காலத்தில் மைதானம் குளமாகிவிடும். அப்போது கூடம் போதும். தாய்மார் இருவர் முறைவைத்து உடனிருக்க வேண்டும். பெயர் கொடுக்க விரும்புவோர், விருந்துக்கு எழுமுன் காரியதரிசியிடம் எழுதிக் கொடுத்தால், வரும் செவ்வாய்க்கிழமையே தொடங்கிவிடலாம்.