பல் மருத்துவக் கருவிகளும் மின்சாரமும்

மும்பையிலாயினும் டில்லியிலாயினும் பல் மருத்துவ நிலையத்துக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட்டே. அங்கே நீரும் மின்கருவியும் அருகருகே இருக்கின்றன. ஈரமான உடலோ மின்சாரத்தை எளிதிற் கடத்தும். கருவியின் உள்ளே கம்பியின் உறை தேய்ந்து உலோகக் கூட்டைத் தொட்டால், அம்மின்சாரத்தை நிலத்துக்குக் கொண்டுசெல்வது எர்த் கம்பி. உடனே பியூஸ் எரிந்து இணைப்பு அறும். ஆகவே பிளக்கின் மூன்றாவது முனையை ஒருபோதும் அகற்றலாகாது. 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே இணைப்பைத் துண்டிக்கும் சாதனமும் இருத்தல் நலம்.

துளைக்கருவி திடீரென நின்றால், முதலில் அதை நோயாளியின் வாயிலிருந்து எடுத்துவிடுங்கள். பின்னர் சுவிட்ச், பிளக், கால்மிதி ஆகியவற்றை முறையே பாருங்கள். பியூஸ் எரிந்திருந்தால் மெயின் சுவிட்சை நிறுத்தி, அதே அளவுள்ளதைப் போடுங்கள். மறுபடியும் எரிந்தால் தடித்த கம்பியைக் கட்டாதீர்கள். அது காவலாளியின் வாயைக் கட்டுவதாகும். மின்பணியாளர் வரும்வரை கருவி ஓய்வெடுக்கட்டும்.