ஓடுவோர்க்கு உரிய காலுறை

(பட்டினப்பாக்கத்தில் கூடிய நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



தமிழாசிரியர் மேடையேறினால் கல்வியைப் பற்றியோ ஒழுக்கத்தைப் பற்றியோ பேசுவரென்று எதிர்பார்ப்பது இயல்பு. இன்று யாம் எடுத்துக்கொண்ட பொருளோ காலுறை. முன்னாளில் மேஜோடு என்றும் இந்நாளில் சாக்ஸ் என்றும் வழங்கும் இச்சிறு துணியைப் பற்றிப் பேச ஒரு பண்டிதர் வேண்டுமோ எனச் சிலர் நகைக்கக்கூடும். நகைப்பதற்கு முன், நம் சங்கத்தின் பெயரால் நேர்ந்த பிழையொன்றைச் செவிமடுக்க வேண்டுகின்றோம். அப்பிழைக்கு முதற்காரணம் யாமே ஆதலின், அதனை எடுத்துரைக்கும் கடமையும் எமக்கே உரியது.

நம் குலத்து இளைஞர் பலர் காவலர் வேலையை நாடி, நாடோறும் வைகறையில் பட்டினப்பாக்கத்திலிருந்து கலங்கரை விளக்கம் வரையில் கடற்கரைச் சாலையில் ஓடிப் பழகுவதை யாவரும் அறிவீர்கள். அத்தேர்வில் ஆடவர் 1,500 மீட்டரை 7 நிமிடத்திலும், பெண்டிர் 400 மீட்டரை 2 நிமிடம் 30 விநாடியிலும் ஓடி முடித்தல் வேண்டும். சென்ற தேர்வின்போது சங்க நிதியிலிருந்து இவர்கட்குக் காலுறை வாங்கித் தருவதென முடிவாயிற்று. எவ்வகை வாங்குவது என்ற வினா எழுந்தபோது, “முழுப் பருத்தியே வாங்குக, அது நம் நாட்டு நூல், வேர்வையை நன்கு உறிஞ்சும்” என்று உரைத்தவர் யாமே. தேர்வுக்கு நான்கு நாட்களுக்கு முன் அக்காலுறைகள் வழங்கப்பட்டன. மறுநாளே ஓர் இளைஞருக்கு இரு குதிகால்களிலும் கொப்புளம் எழுந்தது. உடைந்த புண்ணோடு அவர் ஓடினார். 7 நிமிடம் 9 விநாடி ஆயிற்று. ஒன்பது விநாடியில் ஒரு வேலை போயிற்று. அவருடைய அன்னையார் எம்மை ஒரு சொல்லும் கடிந்திலர். அவர் கடியாமையே எம்மை இப்பொருளை ஆராயத் தூண்டிற்று.

கொப்புளம் எவ்வாறு உண்டாகின்றது? துணி மேற்றோலைத் தேய்ப்பதனால் மட்டும் அன்று. ஒவ்வோர் அடியிலும் காலின் எலும்பு முன்னும் பின்னும் அசைய, தோலோ காலுறையைப் பற்றிக்கொண்டு அசையாது நிற்கின்றது. இவ்விழுப்பு ஆயிரக்கணக்கான முறை நிகழ, மேற்றோலின் உள்ளடுக்குகள் ஒன்றையொன்று விட்டுப் பிரிகின்றன. அவ்விடைவெளியில் நீர் கோத்துக்கொள்கின்றது. உலர்ந்த தோலினும் ஈரம் பட்ட தோல் துணியை இறுகப் பற்றும். ஆகவே, காலினிடத்து ஈரத்தைத் தங்கவிடாத துணியே ஓடுவோர்க்கு நல்லது. கடற்காற்றின் ஈரம் மிகுந்த நம் சென்னையில் வேர்வை எளிதில் உலராது. ஆதலின் இவ்வுண்மை நமக்கு இருமடங்கு பொருந்தும்.

இனி, இழைகளின் இயல்பை நோக்குவோம். இயல்பான காற்றில் 100 பங்கு உலர்ந்த பருத்தி ஏறக்குறைய 8 பங்கு ஈரத்தையும், கம்பளி 16 பங்கையும், நைலான் 4 பங்கையும் ஏற்கும். பாலியெஸ்டரோ அரைப் பங்கும் ஏலாது. பருத்தி வேர்வையை உறிஞ்சும் என்று யாம் கூறியது மெய்யே. உறிஞ்சியதை விடாது என்பதை அறியாமற் போனதே பிழை. நனைந்த பருத்தி கனத்து, தொய்ந்து, மடிந்து, காலோடு ஒட்டிக்கொள்கின்றது. பாலியெஸ்டர், நைலான் முதலியன ஈரத்தை மிகுதியாக உட்கொள்ளாமல் இழைகளின் இடைவழியே வெளிப்புறத்துக்குக் கடத்திவிடுகின்றன. கம்பளியென்றால் குளிர்நாட்டுக்கே உரியதென்று எண்ணவேண்டா. மெரினோ என்னும் மெல்லாட்டு மயிர் ஈரத்தைத் தன்னுள் அடக்கியும் தோலுக்கு ஈரமாகத் தோன்றாது, நாற்றமும் குறைவு, விலைதான் மிகுதி. மூங்கில் நூல் என்று கடைக்காரர் புகழ்வது பெரும்பாலும் விஸ்கோஸ். அது பருத்தியினும் மிகுதியாக நீரை ஏற்று, நனைந்தபோது வலிமை குன்றுவது.

இழை ஒன்றே போதுமோ எனின், போதாது. 1990ஆம் ஆண்டில் அமெரிக்காவில் ஹெரிங், ரிச்சி என்னும் இருவர் நெடுந்தூரம் ஓடுவோரைக் கொண்டு ஆராய்ந்து, பருத்திக் காலுறையினும் அக்ரிலிக் காலுறையில் கொப்புளம் குறைவெனக் கண்டனர். 1993இல் அவர்களே வேறு பின்னலமைப்புடைய காலுறைகளை ஒப்பிட்டபோது அவ்வேற்றுமை புலப்படவில்லை. எனவே, இழையும் பின்னலும் ஒருங்கே நன்றாதல் வேண்டும்.

“நம் முன்னோர் காலுறை கண்டனரோ? எத்தியோப்பியரான அபேபே பிகிலா 1960இல் ரோம் நகரத்து மாரத்தானை வெறுங்காலோடு ஓடி வென்றாரே!” என்று பெரியவர் ஒருவர் எம்மிடம் வினவினார். நல்ல வினா. வெறுங்காலில் துணியும் இல்லை, தோலணியும் இல்லை. ஆங்கு உராய்வின் இயல்பே வேறு. அதற்குப் பல்லாண்டு பழகிய பாதமும் வேண்டும். அப்பெருவீரரே 1964இல் டோக்கியோவில் காலணியும் வெண்ணிறக் காலுறையும் அணிந்து ஓடி மீண்டும் வென்றார். காலணியை ஏற்றபின் காலுறையின் குணத்தை ஆராய்ந்தே தீரவேண்டும்.

ஆதலின் இளைஞர்களே! வாங்கும்போது இவற்றை நினைவிற் கொள்க. உறையின்மேல் அச்சிட்ட இழைக் கணக்கைப் படியுங்கள். பாலியெஸ்டரோ நைலானோ பெரும்பகுதியாகவும், இழுபடும் எலாஸ்டேன் சிறுபகுதியாகவும் இருப்பது நன்று. உட்புறத்தைத் திருப்பி, விரல் நுனியில் தையல் மேடு உண்டோவென்று தடவிப் பாருங்கள். குதிகாலின் குழிவு உங்கள் குதிகாலிலேயே அமைதல் வேண்டும். பெரியது மடியும், சிறியது இறுக்கும். மணலில் ஓடியபின் காலுறையை உதறாமல் மீண்டும் அணியற்க. செயற்கையிழை விரைவில் நாறும் ஆதலின், அன்றன்றே உட்புறம் வெளியாகத் திருப்பித் துவைத்து நிழலில் உலர்த்துக. எல்லாவற்றினும் தலையாயது, தேர்வு நாளில் புதுக் காலுறை அணியாமை.

சர்க்கரை நோயுடைய பெரியோர்க்கும் ஒரு சொல். உங்கட்குக் கொப்புளம் வலியின்றியே புண்ணாகக் கூடும். இறுக்காத, தையல் உறுத்தாத, வெண்ணிறக் காலுறையே அணியுங்கள். குருதிக் கறை உடனே கண்ணிற்படும்.

பருத்தியைப் பழிப்பது எம் கருத்தன்று. வேட்டிக்கும் சேலைக்கும் அதனினும் சிறந்தது யாது? நாட்டு நூலின்பால் பற்று வேறு. ஓடும் காலின் தேவை வேறு. திருப்பூரிலும் இன்று செயற்கையிழைப் பின்னலாடைகள் ஆக்கப்படுகின்றன. ஆதலின் நம் நாட்டார் கைத்தொழிலுக்கும் இதனால் ஊறில்லை. கொடுப்பது நன்று, கொள்வோர்க்கு எது தகுமென்று ஆராய்ந்து கொடுப்பது அதனினும் நன்று.

ஆகையால், அடுத்த தேர்வுக்கு இரண்டு மாதம் முன்னரே ஒவ்வோர் இளைஞர்க்கும் இரண்டு இணை வழங்குக என்றும், அவற்றைத் தேர்ந்தெடுக்கும் குழுவில் ஓடுகின்றவர் இருவரையேனும் சேர்க்க என்றும் இச்சபையோரை வேண்டுகின்றோம். அவ்விருவருள் ஒருவராக, ஒன்பது விநாடியால் வாய்ப்பிழந்த அவ்விளைஞரையே அமர்த்துக. அவர் தளர்ந்திலர்; இன்று வைகறையிலும் ஓடினார். யாம் சாலையோரத்தில் கடிகாரம் பிடித்து நின்றோம்.